மலையில் நடக்கப் போகிறீர்களா? வழிகாட்டியின் பேச்சைக் கேளுங்கள்!

விடுமுறை வந்தால் முன்பெல்லாம் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? அத்தை வீட்டுக்குப் போவார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஊட்டிக்குப் போவார்கள். ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

இப்போது ஒரு புது ஆசை பிறந்திருக்கிறது. மலையில் நடக்க வேண்டுமாம்! பத்துப் பேர், பதினைந்து பேர் கூட்டமாகச் சேர்கிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டுகிறார்கள். முன்னால் ஒரு வழிகாட்டி போகிறார். பின்னால் இவர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்.

சென்ற வருஷம் நானும் அப்படி ஒரு கூட்டத்தோடு புறப்பட்டேன். வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா கேட்டாள்:

"நடக்கிறதுக்கா பணம் கட்டினே? எங்க காலத்திலே பஸ்ஸுக்குக் காசில்லாதவன்தானேடா நடந்தான்!"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பணம் எதற்காகக் கொடுக்கிறோம்? மலை நம்முடையது அல்ல, காற்றும் விலைக்கு வராது, கால்கள் நம்முடையவை. பிறகு எதற்குக் காசு?

போய்விட்டு வந்தபின்தான் எனக்கு விடை கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாதிரியார் காட்டிய வழி

கூட்டமாக நடந்து விடுமுறையைக் கழிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியதற்கு ஒரு பாதிரியார் முக்கியக் காரணம். அவர் பெயர் ஆர்தர் லெனார்ட். லங்காஷயரில் கோல்ன் என்ற பஞ்சாலை ஊரில் இருந்தார். ஆண்டுக்கு ஒரு முறை ஆலைகளை மூடுவார்கள். தொழிலாளிகள் வருஷம் முழுவதும் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு கடற்கரை ஊர்களுக்கு ஓடுவார்கள். காசு கரைந்ததும் திரும்புவார்கள்.

லெனார்ட் அதைப் பார்த்து வருந்தினார். 1891-ம் ஆண்டு சுமார் முப்பது பேரை அழைத்துக்கொண்டு ஏரி மாவட்டத்தில் ஆம்பிள்சைடு என்ற ஊருக்குப் போனார். பகல் முழுவதும் மலையில் நடை. செலவு குறைவு, சந்தோஷம் அதிகம். இரண்டே வருஷத்தில், 1893-ல், இதற்கென்று கூட்டுறவு முறையில் ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் இந்த வியாபாரத்துக்கு அதுவும் ஒரு விதை.

ஆனால் நமக்கு இது புதிதா? இல்லவே இல்லை! தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களைப் பாருங்கள். காவடி தூக்கிக்கொண்டு, நாள் கணக்கில், கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சபரிமலைக்குப் போகிறவர்களைப் பாருங்கள். அவர்களுக்குக் குருசாமி இருக்கிறார். "இங்கே தங்கு" என்றால் தங்க வேண்டும். "புறப்படு" என்றால் புறப்பட வேண்டும். கூட்டத்தில் பெரிய வக்கீல் இருப்பார். மில் முதலாளி இருப்பார். குருசாமியோ ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். மாலை போட்டுவிட்டால் அவர் சொல்தான் சட்டம்.

இந்தப் புது நடையில் எல்லாம் இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் இல்லை. அதுதான் என் குறை.

காலைக் கவனியுங்கள்

முதன்முதலாகப் போகிறவர்கள் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காலணி. புறப்படும் நாளன்று புது பூட்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பத்து மணிக்குக் குதிகாலில் கொப்புளம் வரும். பன்னிரண்டு மணிக்கு அது உடையும். அதற்குப் பிறகு அவர்கள் மலையைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார்கள். இரண்டு வாரம் முன்பே வாங்கிக் கடைக்கும் ஆபீசுக்கும் போட்டுக்கொண்டு நடங்கள். காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். தோல் சிவந்து எரியத் தொடங்கும்போதே பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொப்புளம் வந்த பின் ஒட்டிப் பயன் குறைவு.

அடுத்தது, இறக்கம். ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழு உடம்பின் பாரமும் முழங்காலில் விழுகிறது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடிப்பது அதனால்தான். ஒரு கைத்தடி இருந்தால் பாதிக் கஷ்டம் போகும். தடி பிடிப்பதில் வெட்கம் வேண்டாம்.

மழைக்காலமானால் சோலைக்காட்டில் அட்டை உண்டு. கத்த வேண்டாம். பிய்த்து எறியவும் வேண்டாம். கொஞ்சம் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும். ரத்தம் சற்று நேரம் கசியும்; பயப்படத் தேவையில்லை.

குளிரை மறந்துவிடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் வேர்வை ஒழுக பஸ் ஏறியவர் கோத்தகிரியில் இறங்கியதும் சால்வையைத் தேடுவது இதனால்தான்.

சர்க்கரை வியாதி, இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைப்பது போல வழிகாட்டியிடம் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே மறைத்தால் கல்யாணத்தில் சிக்கல். இங்கே மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு சிறு கணக்கு

எவ்வளவு நேரம் ஆகும்? அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது. சமதரையில் 5 கிலோ மீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம்.

அதாவது, பத்து கிலோ மீட்டர் நடை. அதில் 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரம். ஆனால் இது பழகிய கால்களுக்குச் சொன்ன கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய நம் கால்களுக்குப் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். நாலரை மணி! சாப்பாட்டுக்கும் இளைப்பாறவும் தனி.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் புரியும். காலை ஆறு மணிக்குப் புறப்படச் சொல்வது நம்மைத் துன்புறுத்த அல்ல. இருட்டுவதற்குமுன் திரும்ப வேண்டும் என்பதற்காக.

இன்னொன்று. கூட்டத்தின் வேகம் என்பது வேகமாக நடக்கிறவரின் வேகம் அல்ல. கடைசியில் வருகிறவரின் வேகம்தான். முன்னால் ஓடுகிற இளைஞர்கள் ஒரு வளைவில் நின்று காத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "சரி, போகலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே இல்லை! இதைவிட அநியாயம் உண்டா? நல்ல வழிகாட்டி மெதுவாக நடப்பவரைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். வேகக்காரர்களைப் பின்னால் தள்ளுவார். அப்படிச் செய்தால் முகம் சுளிக்காதீர்கள்.

சாணம் சூடாக இருந்தது

இனி என் கதை.

கோத்தகிரிக்கு அப்பால், இருளர் மக்கள் வாழும் ஒரு கிராமத்திலிருந்து புறப்பட்டோம். மொத்தம் பதினான்கு பேர். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு புதுமணத் தம்பதி, கோயமுத்தூர் வியாபாரி ஒருவர், நான், இப்படிப் பலர். எங்களுக்கு வழிகாட்டி அந்தக் கிராமத்து இளைஞர். வயது இருபத்தைந்து இருக்கலாம். முன்னால் அவர். கடைசியில் அவருடைய சித்தப்பா.

நாங்கள் பார்க்கப் போனது ஒரு பெரிய பாறை. அதில் மிகப் பழைய காலத்து மனிதர்கள் எழுதிய ஓவியங்கள் இருக்கின்றன. அதற்காகவே பலர் வந்திருந்தார்கள். நானும் அதைப் பற்றி எழுதத்தான் போனேன்.

பாறைக்கு இன்னும் ஒரு கிலோ மீட்டர்தான். வழிகாட்டி நின்றார். பாதையில் யானைச் சாணம் கிடந்தது. குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். சித்தப்பாவிடம் அவர்கள் பேச்சில் இரண்டு வார்த்தை சொன்னார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "திரும்பிப் போயிரலாங்க சார்" என்றார்.

வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன தம்பி இது? முழுப் பணம் கட்டியிருக்கோம். யானை எப்பவோ போயிருக்கும். ஒரு கால் மணி இருந்து பார்த்துட்டுப் போகலாம்."

"சூடா இருக்குதுங்க. குட்டியும் இருக்குது. வேண்டாங்க."

"நீ யானையைக் கண்ணால பார்த்தியா?"

"பார்க்கலைங்க."

"அப்புறம்?"

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. வியாபாரியின் கட்சியில் சேர்ந்துகொண்டேன்! "பத்திரிகையில எழுதணும் தம்பி. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றேன். படித்தவன், பட்டதாரி, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த இளைஞர் குரலை உயர்த்தவில்லை.

"காட்டுக்குள்ள நான் சொல்றதுதாங்க சார். வண்டி ஏறினதுக்கப்புறம் என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்குங்க" என்றார். எங்களைத் தாண்டி வந்தவழியே நடக்கத் தொடங்கினார்.

வேறு வழியில்லாமல் நாங்களும் திரும்பினோம். வழியெல்லாம் முணுமுணுப்பு.

யானையை நாங்கள் பார்க்கவில்லை. அது அந்தப் பாறைக்கருகில் நின்றதா, நாங்கள் வருமுன்பே அப்பால் போய்விட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வண்டி நின்ற இடத்துக்கு வந்ததும் வியாபாரி சொன்னபடியே செய்தார். ஏற்பாடு செய்தவர்களுக்குப் போன் போட்டார். "உங்க ஆளுக்குப் பயம். பாதியிலே கூட்டிட்டு வந்துட்டான்" என்று புகார் சொன்னார். எல்லோரும் சேர்ந்து வழிகாட்டிக்குக் கொடுக்க நினைத்திருந்த அன்பளிப்பும் கைமாறவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு வீட்டில் படுத்தபோதுதான் உறைத்தது. வழிகாட்டி சரியாகச் செய்தால் அதற்குச் சாட்சி கிடையாது. ஒன்றும் நடக்காது, எல்லோரும் வீடு திரும்புவார்கள், "அனாவசியமாகப் பயந்தான்" என்று பெயர் வரும். தவறாகச் செய்தால் மட்டும்தான் ஊருக்குத் தெரியும். இப்படிப்பட்ட வேலை உலகில் எத்தனை இருக்கிறது?

குரங்கணியை மறக்கலாமா?

தவறினால் என்ன ஆகும் என்பதை நம் நாடு பார்த்திருக்கிறது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம், போடிக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலை நடைக்கு வந்தவர்கள் 35 பேருக்கு மேல். பெரும்பாலும் இளம் வயதினர், பெண்கள் அதிகம். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வரும்போது காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. கிராம மக்கள் ஓடினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அப்படியும் 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். சிலர் அங்கேயே, சிலர் ஆஸ்பத்திரியில், நாள் கணக்கில் போராடிய பிறகு.

யார்மீது குற்றம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. தீயைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். மார்ச் மாதத்தில் அந்த மலைப் புல் காய்ந்த வைக்கோல்தான். சமதரையில் தீயை ஓடி ஜெயிக்கலாம் என்று நினைக்கிறோம். மலைச்சரிவில் அது நடக்காது. கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மேல்நோக்கி ஓடும் மனிதனின் வேகமோ பாதியாகக் குறைகிறது!

ஆகவே அங்கே உயிரைக் காப்பது வேகமான கால் அல்ல. "இந்த மாதம் போகக்கூடாது", "இந்த வழி வேண்டாம்", "இப்போதே திரும்பு" என்று சொல்லும் வாய்தான். அந்த வாய்க்குச் சொல்ல உரிமை வேண்டும். நமக்குக் கேட்கப் பொறுமை வேண்டும்.

குரங்கணிக்குப் பிறகு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் மூலம் 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகளைத் தேர்ந்தெடுத்து, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, முன்பதிவு முறையைத் தொடங்கினார்கள். அந்தந்த மலையில் வாழும் மக்களையே பழக்கி வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். இது நல்ல காரியம். பாராட்டலாம்.

ஆனால் விதி போட்டால் மட்டும் போதுமா? பதினான்கு பேர் சூழ்ந்துகொண்டு "காசு கொடுத்திருக்கிறோம்" என்று நெருக்கும்போது அந்த இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குத் துணை யார்?

செய்ய வேண்டியது என்ன?

ஏற்பாடு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுங்கள்: "வழிகாட்டி திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும். அதற்காக அவர்மீது புகார் ஏற்கப்பட மாட்டாது." பாதியில் திரும்பினாலும் வழிகாட்டிக்கு முழுக் கூலி கொடுங்கள். உச்சிக்குப் போனால்தான் காசு என்று வைத்தால், உங்கள் காசே அவரை மேலே பிடித்துத் தள்ளும்.

போகிறவர்கள் பணம் கட்டுமுன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

ஒன்று: வனத்துறை அனுமதி எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு? காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு: வழிகாட்டி அந்த மலைக்காரரா? கடைசியில் ஓர் ஆள் வருவாரா?

மூன்று: எத்தனை மணிக்குள் உச்சிக்குப் போகாவிட்டால் திரும்புவோம்? மணி சொல்லத் தெரியாதவர்கள் திட்டம் போடவில்லை என்று அர்த்தம்.

நான்கு: கால் ஒடிந்தால் யார் தூக்குவார்கள்? எந்த ஆஸ்பத்திரிக்கு? போன் எங்கே எடுக்கும்?

ஐந்து: இந்த மாதத்தில் அந்த மலையில் என்ன ஆபத்து? மழையா, தீயா, யானையா? "ஒன்றும் இல்லை" என்று பதில் வந்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.

சரியான பதில் கிடைத்தால் தைரியமாகப் போங்கள். அதிகாலையில் பள்ளத்தாக்கில் பஞ்சுப் பொதி போல மேகம் கிடப்பதைப் பார்ப்பீர்கள். முன்பின் தெரியாதவர் உங்கள் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவார். மத்தியானம் பாறைமேல் உட்கார்ந்து தின்னும் புளியோதரைக்கு ஈடாக எந்த ஹோட்டலிலும் கிடைக்காது.

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். பாறையைப் பார்ப்பதற்கு நான் பணம் கட்டவில்லை. "திரும்பிப் போயிரலாங்க சார்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கூட வருவதற்குக் கட்டினேன்.

அடுத்த மாதம் மறுபடியும் அந்தக் கிராமத்துக்குப் போகிறேன். பாறையைப் பார்க்க முடிந்தால் பார்ப்பேன். அதற்குமுன் அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டியது, இனியாவது சொல்லவேண்டும்.